கல்லுக்கும் ஓடைக்கும் நடுவில்

எல்லர்ஹைம், மேலூர்
8 ஜூன் 1952

என் பாபெட்,

இந்தக் கடிதம் உன் கையில் எப்போது கிடைக்குமோ தெரியாது. தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் பெண்ணிடம் கேட்டேன். ரயிலில் வடக்கே போய், எங்கெங்கோ சுற்றி, அப்புறம்தான் கீழூருக்கு வருமாம். நானோ அத்தை மகள் மார்கரெட்டின் மாடி ஜன்னலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டுப் புகைபோக்கி இங்கிருந்து தெரிகிறது. நீ மத்தியானம் வெங்காயம் வதக்கினால் வாசனை எனக்கு வருகிறது. நடுவில் இருப்பது எல்லர் ஓடை, சின்ன வயதில் நாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டிய ஓடை. அதைத் தாண்ட இந்தக் காகிதத்துக்கு ரயில் வேண்டியிருக்கிறது.

கிழக்கு, மேற்கு என்று எல்லையை மூடிய அன்று காலை வழக்கம்போல இந்தப் பக்கத்துக் கல் குவாரிக்கு வேலைக்கு வந்தேன். சாயங்காலம் திரும்பினால் பாலத்துப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். எதிர்க்கரையில் துப்பாக்கியோடு ஒரு பையன். நம் பிள்ளை ஹைனர் போருக்குப் போனபோது என்ன வயதோ அதே வயது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "திரும்பிப் போங்க, இனிமே வழி கிடையாது" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நீ கம்பம் நட்டிருக்கும் இடமே தப்பு, இந்த ஊர் எல்லையைக் காப்பதாகச் சத்தியம் செய்த ஏழு பேரில் நான் ஒருவன், எனக்கே எல்லை காட்டுகிறாயா என்று கத்தினேன். அவன் பொறுமையாக என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். இப்போது திரும்பி வந்தால் நேரே ஜெயில்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் வாயை நீதான் அறிவாயே.

தினமும் கரைக்குப் போய் நிற்கிறேன். நேற்று நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். நீ பார்த்தாய், நிச்சயம் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் என்ன அவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டேன்? ஒரு கை காட்டினால் குறைந்தா போய்விடுவாய்?

பெர்லினுக்கு ரயிலேறு. உன் தங்கை இர்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல். அங்கிருந்து மேற்குப் பக்கத்துக்கு நடந்தே வந்துவிடலாம். ஹைனரின் கார்டையும் இரண்டு போர்வையையும் எடுத்துக்கொள், போதும். மார்கரெட் நல்லவள்தான், ஆனால் அவள் செய்யும் உருளைக்கிழங்கு உருண்டையைக் குவாரியில் வெடிக்குப் பதிலாக வைக்கலாம்.

உன்
லோரென்ஸ்


எல்லர்ஹைம், கீழூர், தீவு
27 ஜூன் 1952

அன்புள்ள லோரென்ஸ்,

கடிதம் வந்தது. யாரோ உறையைப் பிரித்துப் படித்துவிட்டுக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். பெர்லின் ரயிலைப் பற்றியெல்லாம் தபாலில் எழுதுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இனி தபால் வேண்டாம். மாட்டு டாக்டருக்கு இன்னும் இரண்டு பக்கமும் போய்வர அனுமதி இருக்கிறது. அவர் பையில் ஊசி மருந்துக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கை காட்டவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். கை காட்டக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டு லிப்போல்ட் அம்மாள் எதிர்க்கரையில் நின்ற தன் அக்காவுக்குக் கை ஆட்டிவிட்டாள். காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். "யாருக்குக் கை ஆட்டினே? என்ன சேதி சொன்னே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "இருக்கேன்னு சொன்னேன்" என்றாளாம். பாவம், அதற்கு மேல் அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது, சொத்தென்று இருப்பது ஒரே ஒரு ஆடு.

என் கையைப் பார்த்த உங்களுக்குத் துணிக்கொடியைப் பார்க்கத் தோன்றவில்லையா? உங்கள் நீலச் சட்டை தொங்கியதே. ஹைனரை ரயிலேற்றிவிடப் போன அன்று போட்டிருந்தீர்களே, அதுதான். யாரும் போட்டு அழுக்காக்காத சட்டையைத் தினமும் துவைத்துக் காயப்போடுகிறேன். துணி காயப்போடக் கூடாது என்று இன்னும் உத்தரவு வரவில்லை. அது தொங்கினால் நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் விடிகாலையில் லாரிகள் வந்தன. நம்பத்தகாதவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, கீழூரில் குடும்பம் குடும்பமாக ஏற்றிப்போனார்கள். பேக்கரிக்காரரை மாவு பிசைந்த கையோடு கூட்டிப்போனார்கள். மாவு தொட்டியில் பொங்கி வழிந்து தரையெல்லாம் கிடந்தது. யாருக்கும் தொட மனம் வரவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. தீவின் மூன்று வீடுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். மறந்துபோயிருப்பார்கள். அவர்கள் மறந்தபடியே இருக்கட்டும் லோரென்ஸ். எனக்கு அது போதும்.

நான் வர முடியாது, காரணம் உங்களுக்குத் தெரியும். ரஷ்யாவிலிருந்து ஹைனர் போட்ட ஒரே கார்டில், 'வீட்டுக்கு வந்துவிடுவேன் அம்மா, பின்வாசல் வழியாகத்தான் வருவேன், தாழ் போடாதே' என்று எழுதியிருக்கிறான். நான்கு வருஷமாகத் தாழ் போடவில்லை. அவனுக்குத் தெரிந்தது இந்த வீடு ஒன்றுதான். அவன் வந்து கதவைத் தள்ளும்போது நான் இங்கே இருக்க வேண்டும்.

குவாரியில் கவனமாக இருங்கள். உருண்டைக்கு உருளைக்கிழங்கை முந்தின நாளே அவிக்கச் சொல்லுங்கள்.

பாபெட்


எல்லர்ஹைம், மேலூர்
20 ஜூலை 1952

என் பாபெட்,

சட்டையைப் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் ஓடுகிறேன். மார்கரெட் கேலி செய்கிறாள், கல்யாணமான புதிதில்கூட நான் இப்படிப் பார்த்திருக்க மாட்டேனாம்.

ஊர் ஊராக இல்லை. தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இங்கே, பேக்கரியும் பள்ளிக்கூடமும் அங்கே. மேலூர்க்காரர்கள் ரொட்டிக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். கீழூரில் யாராவது செத்தால் எங்கே புதைக்கிறார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கீழூர்க்காரர்கள் நீங்கள் மேலூரில் பிறந்த எங்களைக் காகங்கள் என்பீர்கள், நாங்கள் உங்களை வாத்துகள் என்போம், திருவிழாவில் பீர் தலைக்கேறினால் அடித்துக்கொள்வோம். இப்போது வாத்து என்று கூப்பிட ஆள் இல்லாமல் மதுக்கடை மயானம்போல இருக்கிறது.

சரி, முக்கியமான விஷயம். எனக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது. படித்துவிட்டு உடனே வேண்டாம் என்று சொல்லாதே.

நம் வீடு இருக்கும் இடத்துக்குத் தீவு என்று ஏன் பெயர்? சுற்றிலும் தண்ணீரா இருக்கிறது? பழைய காலத்தில் மேலூர் ஒரு பிரபுவுடையது, கீழூர் இன்னொரு பிரபுவுடையது, ஓடைதான் எல்லை. 1784-ல் பனி உடைந்து வெள்ளம் வந்தபோது ஓடை பாதை மாறிவிட்டது. முன்பு நம் வீட்டுக்குக் கிழக்கே, முட்புதர் மண்டிய பள்ளத்தில் ஓடியது, அதற்கப்புறம் மேற்கே ஓட ஆரம்பித்தது. நடுவில் மூன்று வீடுகள் அகப்பட்டுக்கொண்டன. புகைபோக்கி வரி யாருக்கு என்று இரண்டு பிரபுக்களும் வருஷக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் தண்ணீர் எங்கே ஓடினாலும் கல் இருக்கும் இடம்தான் எல்லை என்று முடிவாயிற்று. கற்கள் இன்னும் பள்ளத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பழைய எல்லைதான் இப்போது கிழக்குக்கும் மேற்குக்கும் எல்லை. இவர்கள் வரைபடத்தைக்கூடப் பார்க்காமல் ஓடையோரம் கம்பம் நட்டுவிட்டார்கள்.

புரிகிறதா? நம் வீடு கல்லுக்கு இந்தப் பக்கம். நீ கிழக்கில் இல்லை, பாபெட். நீ மேற்கில்தான் இருக்கிறாய்.

கல்லை யாரும் நகர்த்தவில்லை என்று காட்டத்தான் ஏழு பேர் இருக்கிறோம். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் சுட்ட மண் வில்லைகளைப் புதைத்திருக்கிறோம். அவற்றை எப்படி அடுக்கியிருக்கிறோம் என்பது ஏழு பேருக்குத்தான் தெரியும், பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக உன்னிடமே மூச்சு விட்டதில்லை. மேலூர் எல்லையில் இருக்கும் கல்லைத் தோண்டி அந்த அடையாளத்தை நில அளவைக்காரர்களிடம் காட்டி, அதே அடையாளம் பள்ளத்துக் கல்லிலும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், யாரால் மறுக்க முடியும்?

சத்தியத்தை மீறுவது எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் உன்னை விடவா அந்த மண் வில்லை?

லோரென்ஸ்


எல்லர்ஹைம், கீழூர், தீவு
10 ஆகஸ்ட் 1952

லோரென்ஸ்,

வேண்டாம்.

உடனே சொல்லாதே என்றீர்கள். அதனால் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்கிறேன், வேண்டாம்.

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்கும் அந்தக் கல் தெரியும். ஹைனர் சின்னவனாக இருந்தபோது ஊரார் எல்லைக் கற்களைச் சுற்றி வரும் எல்லை நடையில் வழக்கப்படி அவனைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி அந்தக் கல்லில் இடித்தீர்கள், எல்லை மறக்கக் கூடாதென்று. அன்று முழுக்க என் மடியில் படுத்து அழுதான். கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம்.

ஆனால் நிரூபித்து என்ன செய்யப்போகிறீர்கள்? இவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது. தீவு என்று ஒன்று இருப்பதே இவர்கள் நினைவில் இல்லை. காவலுக்கு வரும் பையன்கள் எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள், லிப்போல்ட் அம்மாளின் ஆட்டுக்கு ரொட்டித் துண்டு போடுகிறார்கள். "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு மேல எழுதிட்டோம்மா" என்று போன வாரம்தான் ஒருவன் சொன்னான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன். நீங்கள் போய் மணி அடித்து எழுப்பாதீர்கள்.

உங்களுக்கு யாராவது "நீ சொன்னது சரி" என்று சொல்ல வேண்டும். எப்போதும் அதுதான் வேண்டும். இதோ நான் சொல்கிறேன், நீங்கள் சொல்வது சரி. இதோடு விட்டுவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளம் பழுத்திருக்கிறது. கேக் செய்தேன். ஆள் இல்லை, கோழிக்குப் போட்டேன்.

பாபெட்


எல்லர்ஹைம், மேலூர்
21 செப்டம்பர் 1952

என் பாபெட்,

கோபப்படுவாய். பட்டுக்கொள். நேரில் வந்து திட்டு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தோண்டிவிட்டேன். நில அளவைக்காரர் இருவர் முன்னால் மேலூர்க் கல்லைப் புரட்டினேன். என் தாத்தா காலத்து மண் வில்லைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. பள்ளத்துக் கல்லும் இதே மாதிரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்றது அப்படியே சரிங்க" என்றார். பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். கையில் மண் வில்லையோடு என் படம். வெளியில் தெரிந்தால்தான் மேலிடத்தில் அசைவார்கள் என்று படம் எடுத்தவர் சொன்னார், அதுவும் நியாயம்தானே?

ஏழு பேரில் மற்ற ஆறு பேரும் என்னை ஒதுக்கிவிட்டார்கள். மதுக்கடையில் எங்கள் மேசையில் என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். தங்கள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்கு நகர்ந்தார்கள். மூத்தவர் மட்டும் போகும்போது, "உன் அப்பனும் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தான், வாயைத் திறக்காம செத்தான்" என்றார். பீரைக் குடிக்காமலே வந்துவிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது கரையில் நின்று நம் வீட்டைப் பார்த்தேன், எல்லாம் சரியாகிவிட்டது.

இன்னும் கொஞ்ச நாள். கம்பங்களைப் பிடுங்கிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நட்டாக வேண்டும். ஒரு நாள் காலையில் நீ கண் விழிக்கும்போது ஒரு அடிகூட நகராமல் மேற்கில் இருப்பாய். வீடும் இருக்கும், பின்வாசலும் இருக்கும், ஹைனர் வரும்போது நாம் இருவரும் இருப்போம். நீ கேட்டது எல்லாமே நடக்கும். நான் ஓடையில் இறங்கி நடந்து வருவேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

லோரென்ஸ்


எல்லர்ஹைம், மேலூர்
19 அக்டோபர் 1952

பாபெட், நீ எங்கே?

இர்மாவின் முகவரிக்கு எழுதுகிறேன். அவளுக்காவது நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்திருக்கும். இர்மா, இதை நீ படித்தால், அக்காவிடம் கொடு, தயவுசெய்து.

வியாழக்கிழமை விடியும்போது லாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிலையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ வாசலில் நின்றாய், பழுப்புக் கோட்டு போட்டிருந்தாய். கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். நீ ஒரு தடவை திரும்பினாய். இரண்டு கைகளையும் ஆட்டினேன். ஒருவன் உன் தோளைத் தொட்டான், ஏறிவிட்டாய். ஓடைக்குள் இறங்கிவிட்டேன், எல்லைக் காவலுக்கு நிற்கும் நம் பக்கத்துச் சுங்கக்காரர் இருவர் காலரைப் பிடித்து இழுத்து மண்ணில் உட்கார வைத்தார்கள். "போனா சுட்டுருவாங்க, செத்து என்ன சாதிக்கப் போறீங்க?" என்றார்கள்.

மறுநாள் வீட்டை இடித்தார்கள். மூன்றையும். கூரைக்கல் உடையும் சத்தம் எனக்குத் தெரியும் பாபெட், அந்தக் கற்களை நானே பிளந்து வேய்ந்தேன். லிப்போல்ட் அம்மாளின் ஆட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கட்டிய இடத்திலேயே இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தது, இன்று சத்தம் இல்லை.

ஏன்? ஏன் இப்படிச் செய்தார்கள்? நான் சொன்னது சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்களே.

ஒரு வரி எழுது. திட்டி எழுது. இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது.

லோரென்ஸ்


14 டிசம்பர் 1952

லோரென்ஸ்,

இர்மா இதை மேற்கு பெர்லினில் போடுவாள். அதனால் யாருக்கும் பயப்படாமல் எழுதலாம். எழுதத்தான் கை வரவில்லை.

வடக்கே ஒரு சமவெளிக் கிராமத்தில் இருக்கிறேன். ஒரு மேடு கிடையாது, பீட்ரூட் வயல்தான். பண்ணை வீட்டில் குதிரைச் சேணம் வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஏதோ குற்றம் செய்து துரத்தப்பட்டவர்கள் என்று இங்குள்ளவர்களிடம் முன்பே சொல்லிவைத்துவிட்டார்கள். கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. லிப்போல்ட் அம்மாள் பக்கத்து அறையில் இருந்தாள். அந்த ஆட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் செத்துப்போனாள். சளி என்றார்கள்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். லாரி வருவதற்கு முந்தின நாள் ஒரு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பத்திரிகையை மேசையில் விரித்தார். நீங்கள் மண் வில்லையோடு சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதாம்மா," என்றார். "நாங்களும் பழைய வரைபடத்தைப் பார்த்துட்டோம். இந்த மூணு வீடும் எங்க எல்லைக்குள்ள வராது."

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "அப்படின்னா எங்களை விட்டுடுவீங்களா?" என்று கேட்டேன்.

"வீடுதாம்மா அந்தப் பக்கம். நீங்க எங்க பிரஜை. எங்க ஆளுங்களை வேற நாட்டு மண்ணுல குடியிருக்க விட முடியுமா?"

அவ்வளவுதான். காலையில் லாரி. வெறும் வீடு இருந்தால் யாராவது ஒளிந்துகொண்டு தாண்டுவார்கள் என்பதால் இடிப்பது. எல்லாம் உங்கள் கல்லை ஒட்டிச் சரியாக நடந்தது.

என் மகன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பதிவு அலுவலகத்தில் புது முகவரி இருக்கும், அங்கே கேட்டு வருவான் என்றார். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். பெர்லினுக்கு ரயிலேறச் சொல்லி நீங்கள் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். ஓடிப்போனால் என் பெயரை அடித்துவிடுவார்கள். ஹைனரின் காகிதத்தில் கீழூர் முகவரிதான் இருக்கிறது, கிழக்கேதான் அவனை இறக்கிவிடுவார்கள். அவன் வந்து கேட்கும்போது அடித்த பெயரைக் காட்டினால் எங்கே போவான்? கதவுதான் போயிற்று, பெயராவது திறந்திருக்கட்டும்.

எனக்கு எழுத வேண்டாம். வெறுப்பில் சொல்லவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அந்தப் படம் கண்ணில் வருகிறது, அதற்கப்புறம் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

பாபெட்


எல்லர்ஹைம், தீவு
17 மே 1953

என் பாபெட்,

எழுதாதே என்றாய். குளிர்காலம் முழுக்க எழுதவில்லை. ஒரே ஒரு தடவை. இர்மா வழியாக அனுப்புகிறேன், படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

மேலே முகவரியைப் பார்த்தாயா? நான் நம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். முள்வேலியைப் பள்ளத்துக் கல்லை ஒட்டி, அதற்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். தீவு இப்போது மேற்கில் இருக்கிறது. "போங்க, உங்க நிலம்தானே" என்று சுங்கக்காரரே சொன்னார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்தேன்.

நிலவறைப் படிகள் இருக்கின்றன. பின்வாசல் படிக்கல் இருக்கிறது. பிளம் மரமும் துணிக்கொடி கட்டிய கம்பமும் நிற்கின்றன. ஆட்டைப் புதைத்தேன். முள்செடிக்குள் என் நீலச் சட்டை கிடந்தது. அன்று காலையிலும் நீ காயப்போட்டிருக்கிறாய், பாபெட். லாரி வாசலில் நிற்கும்போதும் காயப்போட்டிருக்கிறாய். அதைப் பார்த்துவிட்டு அந்தப் படிக்கல்லில் உட்கார்ந்து, நம் ஹைனர் அன்று அழுதானே, அப்படி அழுதேன்.

எல்லோரும் சரி என்கிறார்கள். நில அளவைக்காரர்கள், பத்திரிகை, இப்போது அந்தப் பக்கத்து வேலிகூட. சரியாக இருந்து நான் என்ன செய்ய? மதுக்கடையில் என் நாற்காலி சுவரைப் பார்த்தே கிடக்கிறது, அதுதான் அதற்குச் சரியான இடம். உன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நீ வெங்காயம் வதக்குவதை நான் ஜன்னலில் உட்கார்ந்து மோந்துகொண்டிருப்பேன். அந்த வாழ்வு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மார்கரெட் சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையில் அலசிக் கொடியில் போடுகிறேன். ஹைனருக்கு அந்தச் சட்டை தெரியும், ரயில் நகரும்போது அதன் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அவன் இந்தப் பக்கமாக வந்தால் இதுதான் நம் வீடு என்று தெரிந்துகொள்வான். நீ அந்தப் பக்கம் காத்திரு. நான் இந்தப் பக்கம் காத்திருக்கிறேன். எங்கே வந்தாலும் நம்மில் ஒருவர் இருப்போம்.

நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழுதினால் உயிர் வரும்.

உன்
லோரென்ஸ்


21 பிப்ரவரி 1954

லோரென்ஸ்,

ஹைனர் வந்துவிட்டான்.

உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். ஜனவரியில் ரஷ்யாவிலிருந்து ரயிலில் வந்து, எல்லையோர நகரத்தில் இறங்கியிருக்கிறான். கையில் இருந்த காகிதத்தில் பழைய முகவரி. யாரிடமும் கேட்காமல் நேரே ஊருக்குப் போயிருக்கிறான். தடை செய்த பகுதி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் காளான் பறிக்கப் போகும் காட்டுப் பாதையில் இறங்கிப் பள்ளத்துக்கு வந்துவிட்டான். வீட்டைக் காணோம். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தானாம். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் கல்லைப் பார்த்திருக்கிறான். இடித்த கல்லை மறப்பானா?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீடு இருந்த வெறும் இடத்தில் ஒரு கிழவர் கொடியில் சட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். பனியில் அது பலகைபோல விறைத்திருந்ததாம். சட்டையை உடனே அடையாளம் தெரிந்ததாம். ஆளைத் தெரியவில்லை. "யாரோ ஒருத்தன் அப்பா சட்டையைத் திருடி வெச்சிருக்கான்மா" என்று என்னிடம் வந்து சொல்கிறான்.

நீங்களும் நிமிர்ந்து அவனைப் பார்த்தீர்களாம். ரஷ்யக் கோட்டு, மொட்டைத் தலை, எலும்பும் தோலுமாக ஒரு ஆள். பார்த்துவிட்டுக் குனிந்து அடுத்த கவ்வியை மாட்டினீர்களாம். அதற்குள் காவல்காரர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். விசாரித்துவிட்டு, பதிவு அலுவலகத்தில் முகவரி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். என் பெயர் அங்கே இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். அது அப்பாதான் என்றேன், வீடு போன கதையையும் சொன்னேன். எழுந்து அடுப்பில் விறகு போட்டான். பிறகு, கல் விஷயத்தில் அப்பா சொன்னது சரிதானா என்று கேட்டான். சரிதான் என்றேன். வேறென்ன சொல்ல?

இருமுகிறான். அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான், தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைக்கிறான். உடம்பு தேறினால் கோடையில் இர்மா வீட்டுக்கு அழைத்துப்போவேன். அங்கிருந்து உங்களிடம் வர ஆசைப்படுகிறான். தடுக்க மாட்டேன். அவனுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். வந்தால் அவனை நெருங்கி நின்று பாருங்கள், இந்தத் தடவை அடையாளம் தெரியும்.

நான் வர மாட்டேன். இனி என்னை இங்கே கட்டி வைத்திருப்பது ஒன்றும் இல்லைதான், அது எனக்குத் தெரியும். உங்களைத் திட்ட வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. ஆனால் தீவை நினைத்தால் லிப்போல்ட் அம்மாள் லாரியில் திரும்பித் திரும்பிப் பார்த்த முகம்தான் வருகிறது. அந்தப் படிக்கல்லில் உங்கள் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது.

வயதான காலத்தில் பனித் தண்ணீரில் கை வைக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் போய்ச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, போட்டுக்கொண்டு, மார்கரெட் வீட்டுக்குப் போங்கள். இனி யாருக்காகவும் அதைக் காயப்போட வேண்டாம். அவன் வந்துவிட்டான்.

பாபெட்